கடுகு எது, மை லார்டு எது?

என் வீட்டுக்காரரிடம் ஒரு வேலையைச் சொன்னால் முதலில் செய்துமுடிப்பார், பிறகுதான் யோசிப்பார். அன்று மத்தியானமும் அப்படித்தான், குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட வந்து நின்றார். வலது கையில் ஒரு கழுத்துப்பட்டை, இடது கையில் ஒரு கழுத்துப்பட்டை. அவருக்குப் பின்னால் இரண்டு நாய்கள். இரண்டும் டால்மேஷன், வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி. இரண்டும் ஆண். இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே இளிப்பு.

"இதுல எது யாரோடது?" என்று என்னைக் கேட்டார்.

"ஏங்க, ரெண்டையும் ஒண்ணாவா குளிப்பாட்டினீங்க?"

"தண்ணி மிச்சமாகுமேன்னு..."

தண்ணீரை மிச்சம் பிடித்த மகாராஜா, பட்டைகளைக் கழற்றி ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்.

நான் நடத்துவது நாய்க் காப்பகம். கீழ்த்தளம் முழுக்க நாய்கள், மாடியில் நாங்கள். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயை என்னிடம் விட்டுவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அந்த நிம்மதிதான் என் தொழில். 'உங்ககிட்ட விட்டா கவலையே இல்ல' என்று ஒருவர் சொன்னால் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

இந்த இரண்டில் ஒன்று வக்கீலுடையது. பெயர் மை லார்டு. நாள் முழுக்க கோர்ட்டில் 'மை லார்டு, மை லார்டு' என்று குனிகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் 'மை லார்டு, உக்காரு!', 'மை லார்டு, செருப்பைக் கீழ போடு!' என்று அதிகாரம் பண்ணுவதற்காகவே வைத்த பெயராம். இன்னொன்று பல் டாக்டரம்மாவுடையது. பெயர் கடுகு. அந்த அம்மாள் தனியாக இருப்பவர், அவருக்கு எல்லாமே கடுகுதான். கடுகுக்கு வலிப்பு நோய் உண்டு. தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு மாத்திரை கொடுத்தாக வேண்டும்.

மாட்டு டாக்டர் என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடுகிற கால்நடை மருத்துவருக்கு உடனே போன் போட்டேன்.

"மாத்திரையைத் தவறவிட்டா வலிப்பு வரும். மத்த நாய்க்குக் கொடுத்துட்டா பழக்கமில்லாத உடம்பு, தள்ளாடி விழும். ஆபத்தாக்கூட போகலாம்" என்றார்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதா டாக்டர்?"

"தெரியும். முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். ஏம்மா, உங்ககிட்ட இருக்கற நாய் எதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம். "கடுகு!" என்றேன். இரண்டும் ஓடி வந்தன. "மை லார்டு!" என்றேன். இரண்டும் ஓடி வந்தன. வீட்டுக்காரர் தன் பங்குக்கு "கத்தரிக்கா!" என்றார். அதற்கும் இரண்டும் ஓடி வந்து அவர் மேல் ஏறின.

சேர்க்கும்போதே ஒவ்வொரு நாயையும் ஒரு படம் எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். எடுப்பவர் என் வீட்டுக்காரர். மை லார்டு படத்தில் பாதி நாய், மீதி அவருடைய கட்டைவிரல். கடுகு படத்திலோ டாக்டரம்மா பின்னிப்போட்ட கம்பளிச் சட்டை உடம்பை மூடியிருந்தது. வலது இடுப்பில் ஒரு சாண் மட்டும் வெளியே தெரிந்தது, அதுவும் கலங்கலாக. அந்தப் படத்தை நாய்ப் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். நாய் உட்கார்ந்தால் புள்ளிகள் ஒரு மாதிரி இருந்தன, நின்றால் வேறு மாதிரி. நான் இது என்றேன், அவர் அது என்றார். நான் சரி அதுதான் என்றபோது அவர் இதுதான் என்று மாறிவிட்டார்.

இந்த லட்சணத்தில் பல் டாக்டரம்மாவே வீடியோவில் கூப்பிட்டார். ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார், மறுநாள் காலையில்தான் திரும்புகிறார்.

"என் கடுகைக் காட்டுங்களேன், கண்ணுலயே நிக்கறான்."

சரி, கடவுளாகப் பார்த்து வழி விட்டிருக்கிறார் என்று நினைத்து முதல் நாயைக் காட்டினேன்.

"என் தங்கமே! என் பட்டே! அம்மா நாளைக்கு வந்துடுவேன்டா!"

எனக்கு உயிர் வந்தது. உறுதி செய்துகொள்ளலாமே என்று, கை தவறியதுபோல் போனை இன்னொரு நாய் பக்கம் திருப்பினேன்.

"அட, இந்தப் பக்கம் வந்துட்டியா! என் செல்லமே! கொஞ்சம் இளைச்சிருக்கானோ?"

போச்சுடா என்று போனை அணைத்தேன். பெற்ற தாய்போல் வளர்த்தவருக்கே தெரியவில்லை.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் என் தம்பியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் பண்ணி, படம் உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செயற்கைக்கோளுக்குக் கண் செய்கிற ஆபீஸில் வேலை. எங்கள் குடும்பத்திலேயே பெரிய படிப்பு. ஆனால் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் அடைக்கத் தெரியாது. எதைத் தொட்டாலும் அதற்கும் விண்வெளிக்கும் முடிச்சுப் போடுவான். நுரை மெத்தையில் உட்கார்ந்தால் இது விண்வெளி ஆராய்ச்சியில் வந்தது என்பான். காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் கண்டால், நட்சத்திரத்தின் சூட்டை அளக்கிற வித்தைதான் இதுவும் என்பான். செல்போன் கேமராவுக்கும் அதே கதை. ஒருமுறை என் மாமியார், 'இந்தத் துடைப்பமும் மேலேர்ந்துதான் வந்ததா தம்பி? கொஞ்சம் கூட்டிக் காட்டேன்' என்று கேட்டே விட்டார்.

அவன் உள்ளே வந்து இரண்டு நாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இது எங்க ஆபீஸ் வேலைக்கா!"

"டேய், காதுல பூ சுத்தாத. எனக்குப் பொழுது சாயறதுக்குள்ள கடுகு வேணும்."

"கேளேன். சாட்டிலைட் மேல போனதும், தான் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கோம்னு அதுக்குத் தெரியாது. அதுக்காக ஒரு கேமரா வைப்போம். அது எதிர்ல தெரியற நட்சத்திரத்தைப் படம் எடுத்து, மூணு மூணா சேத்து முக்கோணம் போடும். உள்ள இருக்கற வானப் படத்துல அதே முக்கோணம் எங்க இருக்குன்னு தேடும். கிடைச்சதும், ஓ, இந்தப் பக்கம்தான் பாக்கறோம்னு புரிஞ்சுக்கும்."

"அதுக்கும் நாய்க்கும் என்னடா சம்பந்தம்?"

"வெள்ளை வானம், கறுப்பு நட்சத்திரம்! கடல்ல பெரிய பெரிய புள்ளிச் சுறா இருக்குல்ல, அதுல எது எதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு நட்சத்திரக் கணக்கைத்தான் எடுத்து வெச்சிருக்காங்க. சுறாவுக்குச் சரிப்பட்டது நாய்க்குச் சரிப்படாதா? எனக்கு முழு நாய் வேண்டாம்க்கா. ஒரு சாண் இடுப்பு போதும்."

அவன் இவ்வளவு தைரியமாகப் பேசி நான் பார்த்ததில்லை. சரி, தொலையட்டும் என்று விட்டேன். எனக்கும் வேறு போக்கு இல்லை.

கம்ப்யூட்டரை நாய்ச் சாப்பாட்டு மூட்டை மேல் வைத்தான். கடுகின் பழைய படத்தை வானப் படமாக உள்ளே ஏற்றினான். பிறகு கேமராவை முதல் நாயின் இடுப்பை நோக்கிப் பிடித்தான். நாய்க்குக் கேமராவைப் பார்த்ததும் குஷி தாங்கவில்லை, மல்லாந்து படுத்து உருண்டது. கம்ப்யூட்டர் பீப் பீப் என்று அலறியது. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"என்னடா சொல்லுது?"

தம்பி தலையைச் சொறிந்தான். "செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து உருளுது, உடனே நிலைப்படுத்தவும்னு சொல்லுது."

"கரெக்டாத்தானே சொல்லுது" என்றார் வீட்டுக்காரர். உடனே போய் நாயை நிலைப்படுத்தினார். அதாவது, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

நாய் அசையாமல் இருந்ததும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பொருத்தம் இல்லை என்றது. சரி, அப்படியென்றால் இது மை லார்டு, அதுதான் கடுகு. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இரண்டாவது நாயைக் காட்டினால் அதற்கும் பொருத்தம் இல்லை என்றது. கட்டைவிரல் படத்தை ஏற்றி மை லார்டைத் தேடினான். இரண்டுமே மை லார்டு இல்லை என்றது.

தம்பி எழுந்து நின்றான். பேயறைந்தவன்போல் இருந்தது முகம்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா பயப்படக் கூடாது. இந்த ரெண்டு நாயுமே நம்ம நாய் இல்ல."

"என்னடா உளர்ற?"

"புரோகிராம் பொய் சொல்லாதுக்கா. குளிப்பாட்டும்போது கதவு திறந்திருந்ததா? யாராவது ரெண்டு டால்மேஷனை வெச்சிட்டு ரெண்டு டால்மேஷனை எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்."

என் வீட்டுக்காரர் இதை நம்பினார்! செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி, போகிற வருகிறவர்களிடமெல்லாம், 'புள்ளி போட்ட நாய் ரெண்டு இந்தப் பக்கம் போச்சா?' என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. மானம் போயிற்று.

வெளியே வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டது. மாத்திரை என் உள்ளங்கையில் வேர்த்துக் கிடந்தது. இந்த இரண்டில் ஒன்று இன்னும் சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளி விழப்போகிறது, எது என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் கண் மண் தெரியவில்லை.

"நீயும் உன் நட்சத்திரமும்! இத்தனை வருஷத்துல இந்தக் குடும்பத்துக்கு ஒரு காரியம் உருப்படியா செஞ்சிருக்கியாடா? கண்ணு முன்னாடி நிக்கற நாயை இல்லைங்குதே உன் மெஷினு! என்ன, அது நாய்க்கு வெளியில நின்னு பாக்குதா, இல்ல நாய் வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பாக்குதா?"

தம்பி வாயைத் திறந்தான். மூடவில்லை. அழப்போகிறான் என்று நினைத்து எனக்கே சங்கடமாகிவிட்டது.

"அக்கா," என்றான் மெதுவாக. "வயித்துக்குள்ளதான்."

"என்னது?"

"வயித்துக்குள்ளதான்க்கா உக்காந்துக்கிட்டு இருக்கு! வானத்தை நாம உள்ள இருந்துதானே அண்ணாந்து பாக்கறோம்? ஆனா வானப் படத்தை ஒரு உருண்டை மேல வரைஞ்சா அது வெளியில இருந்து பாத்த மாதிரி ஆயிடும், இடம் வலமா மாறிடும். அதனால உள்ள ஏத்தற படத்தை எங்க புரோகிராம் எப்பவுமே திருப்பிப் போட்டுக்கும். கடுகு படத்தையும் வானம்னு நினைச்சுத் திருப்பிடுச்சு. இப்ப எடுத்ததைத் திருப்பல. எப்படிப் பொருந்தும்?"

"அப்ப இது நம்ம நாய்தானா?"

"நம்ம நாய்தான். நான்தான் மடையன்."

அதை நான் மறுக்கவில்லை. சட்டென்று உட்கார்ந்து எதையோ தட்டினான். தெருவிலிருந்து வீட்டுக்காரரை இழுத்து வந்தேன். அவர் மறுபடி நாயைக் கட்டிக்கொண்டார். முதல் நாய்க்குப் பொருத்தம் இல்லை. இரண்டாவது நாயைக் காட்டியதும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. பழைய படத்தில் ஒரு முக்கோணம், நாயின் இடுப்பில் அதே முக்கோணம். கோடு போட்டுக் காட்டியபிறகு எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. அவனைக் கட்டிக்கொண்டு கத்தலாமா என்றிருந்தது.

"ஆனா ஒண்ணு இடிக்குதுக்கா," என்றான் அவன். "பழைய படத்துல இல்லாத ஒரு புள்ளி இப்ப இருக்கு. சின்னது. புதுசு." குரல் மாறிவிட்டது அவனுக்கு. "வானத்துல இப்படி ஒண்ணு புதுசா தெரிஞ்சா அது பெரிய கண்டுபிடிப்பு."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். விரலால் நிமிண்டினார். புதிய நட்சத்திரம் எட்டுக் காலோடு அவர் கையில் நடந்தது.

"உண்ணி" என்றார்.

"என் காப்பகத்துல உண்ணியா! உங்க குளிப்பாட்டற லட்சணம் இதுதானா?" என்று கத்தினேன். ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

"இப்ப எவ்வளவு உறுதிடா?" என்று கேட்டேன்.

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு."

"மீதி நாலு?"

"தொண்ணூத்தாறு வந்தா எங்க ஆபீஸ்ல சாட்டிலைட்டையே திருப்பிடுவோம்க்கா."

"சாட்டிலைட்டுக்கு வலிப்பு வராதுடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மாத்திரையை ரொட்டித் துண்டில் பொதிந்தேன். தப்பாகப் போனால் இரண்டு நாய்க்கும் கெடுதல். ஒன்று மாத்திரை இல்லாமல் விழும், இன்னொன்று மாத்திரையால் விழும். ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, சரியா என்று கேட்கக்கூடத் தெரியாமல் நிற்பானே, அதே முகம். நான் ரொட்டியை இரண்டாவது நாய்க்கு நீட்டினேன். அது மெல்லக்கூட இல்லை, ஒரே விழுங்கு.

அதன் பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து இரண்டு நாய்களையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். காப்பி போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு நாய் கொட்டாவி விட்டால் மூவரும் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தோம். வீட்டுக்காரர் நடுநடுவே "தள்ளாடுதா? தள்ளாடுதா?" என்று கேட்டு உயிரை வாங்கினார். விளக்குப் போட்டோம். மாத்திரை சாப்பிட்ட நாய் தள்ளாடவில்லை. எழுந்தது, அறையை ஒரு சுற்று ஓடியது, தம்பியின் ஷூவைக் கவ்விக்கொண்டு மேசைக்கடியில் போய்க் கடித்தது. இன்னொன்று விழவில்லை, நடுங்கவில்லை. போட்டிக்கு இன்னொரு ஷூவை எடுத்துக்கொண்டு வந்தது.

மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணினேன். "இவ்வளவு நேரம் ஆகியும் தள்ளாடலைன்னா பழகின உடம்புதாம்மா. கடுகுதான்" என்றார்.

நான் 'அப்பாடா' என்று தரையிலேயே சாய்ந்துவிட்டேன். தம்பி மேசைக்கடியில் தவழ்ந்து போனான், ஷூவை மீட்கத்தான். கடுகு ஷூவை விட்டுவிட்டு அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நக்கியது. அவன் நகரவே இல்லை. அங்கிருந்தபடியே பேசினான்.

"நாங்க செய்யறதெல்லாம் மேல போயிடும்க்கா. போனா திரும்பி வராது, தொட்டுப் பாக்க முடியாது. இதுவரைக்கும் என் வேலை எதுவும் என்னை நக்கினதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, நன்றாகவே அழுதேன். "ஒரு காரியமும் செய்யலைன்னு சொன்னேனே, என் வாயைக் கழுவணும்டா" என்றேன். வீட்டுக்காரரும் அழுதார். அவர் எதற்கு அழுதார் என்று தெரியாது, கூட்டத்தோடு கூட்டமாக.

காலையில் பல் டாக்டரம்மா வந்தார். கடுகைப் பார்த்ததும் வாசற்படியிலேயே மண்டியிட்டுக் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் பின்னாலிருந்து என்னைக் கிள்ளி, "சொல்லாத, சொல்லாத" என்று முணுமுணுத்தார். நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "உங்ககிட்ட விட்டா எனக்குக் கவலையே இல்லம்மா" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொட்டிவிட்டேன். பட்டை, ஆணி, வயிறு, உண்ணி, மாத்திரை, எல்லாவற்றையும்.

டாக்டரம்மா கடுகின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். என் காப்பகம் இன்றோடு முடிந்தது என்று நான் மனசுக்குள் பெயர்ப் பலகையைக்கூடக் கழற்றிவிட்டேன்.

பிறகு என் தம்பியைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொல்லப்போறது வெளியில போகக் கூடாது. கிளினிக்ல போன வாரம் ஒரு தட்டு கீழ விழுந்துடுச்சு. புதுசா செஞ்சு வந்த பல் செட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. யார் பல்லு யாரோடதுன்னே தெரியல. வர்றவங்ககிட்ட எல்லாம் இன்னும் தயாராகலன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். பாவம், கஞ்சி குடிச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. மாநாட்டுல ஒரு வார்த்தை காதுல ஏறலம்மா எனக்கு." கடுகை இறுக்கிக்கொண்டார். "தம்பி, உங்க மெஷின் பல்லு பாக்குமா?"

"அவங்க அவங்க ஈறை அளவெடுத்த அச்சு இருக்கா டாக்டர்?" என்றான் தம்பி.

"அதெல்லாம் பேரோட பத்திரமா இருக்கு. கையால வெச்சுப் பாத்தா ஒரே செட் நாலு அச்சுல உக்கார்ற மாதிரி தெரியுது."

அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடித்துப்போட்ட ஷூவோடு, டாக்டரம்மா காரில் ஏறினான். கடுகு அவன் மடியில் ஏறிக்கொண்டது. ஆபீஸுக்கு லீவு சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் நான் ஈர நாய்களுக்கு நடுவில் துண்டோடு நின்றபோது போன் அடித்தது.

"அக்கா! ஒருத்தருக்குப் பொருந்திடுச்சுக்கா! வாயில வெச்சதும் கச்சிதமா உக்காந்துடுச்சு! அவர் ஒரு ஆப்பிளையே கடிச்சுக் காட்டினாரு! எல்லாரும் கை தட்டறாங்க!"

பின்னால் கைதட்டல் எனக்கும் கேட்டது. நான் துண்டை வீசியெறிந்துவிட்டு, "அவன் என் தம்பி!" என்று யாருமில்லாத அந்தக் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். நாய்களெல்லாம் சேர்ந்து குரைக்க ஆரம்பித்தன. நான் ஒன்றையும் அடக்கவில்லை.